கல்லாவில் கேட்கும் சொல்லும் கூகுளில் தேடும் சொல்லும்

குமுளியில் மசாலாக் கடை வைத்திருப்பவர்கள் தங்கள் இணையதளத்தைப் பற்றி என்னிடம் பேசினால் பெரும்பாலும் ஒரே குறையில்தான் ஆரம்பிப்பார்கள். "தம்பி, நம்ம கடைப் பேரைப் போட்டா முதல்ல வருது. ஏலக்காய்னு போட்டா கண்ணுலயே காணோம்." கடைப் பெயரை அடித்துத் தேடுகிறவருக்குக் கடையை ஏற்கெனவே தெரியும். தளம் இல்லாவிட்டாலும் அவர் விசாரித்து வந்துவிடுவார். கடையைப் பற்றிக் கேள்விப்படாத ஒருவர், மதுரையிலோ திருப்பூரிலோ உட்கார்ந்து கைபேசியில் எதையோ தேடும்போது நம் பக்கம் அவர் கண்ணில் பட வேண்டும். அதற்காகத்தான் தளத்துக்குச் செலவு செய்கிறோம்.

நான் இருப்பது கம்பத்தில். மலைக்குக் கீழே இந்தப் பக்கமும், மேலே கேரளப் பக்கமும் ஏலக்காய்க் கடை, தங்கும் விடுதி, ஜீப் ஓட்டுகிறவர்கள், சிப்ஸ் கடை என்று சிறு தொழில் செய்பவர்களுக்குத் தளம் அமைத்துக் கொடுப்பது என் வேலை. இந்தக் கட்டுரையில் பேசப்போவது அதில் ஒரு பகுதியை மட்டும்: பக்கத்துக்குள்ளேயே, நம் கையாலேயே செய்யக்கூடிய சொல் வேலை. எஸ்இஓ, அதாவது தேடலில் தளத்தை மேலே கொண்டுவரும் வேலை என்று சொல்லிப் பெரிய தொகை கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் செய்வதில் பாதியைக் கடைக்காரரே ஒரு வார இறுதியில் செய்துவிடலாம் என்பது என் உறுதியான எண்ணம். காரணம், அதற்கு வேண்டிய சொற்கள் அவரிடம் வந்து நிற்கிற வாடிக்கையாளர் வாயில்தான் இருக்கின்றன.

சபரிமலை சீசனில் குமுளியில் ஒரு கடையில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். பஸ் வந்து நிற்கும், ஐயப்ப சாமிகள் இறங்குவார்கள். "சாமி, ஏலக்காய் கிலோ எவ்வளவு?" "எட்டு எம்எம் இருக்கா?" "இது சாயம் போட்ட பச்சையா, சாதாப் பச்சையா?" "பாயசத்துக்கு எது நல்லா இருக்கும்?" டீக்கடைக்காரர் ஒருவர் வந்தால் அவர் கேள்வியே வேறு: "வெடிச்ச காய் மலிவா கிடைக்குமா?" கடைக்காரர் எல்லாவற்றுக்கும் சளைக்காமல் பதில் சொல்வார். எடுத்துக் கையில் உருட்டிக் காட்டுவார், தோலை உரித்து உள்ளே அரிசி கறுப்பாக இருப்பதைக் காட்டுவார், மோந்து பார்க்கச் சொல்வார்.

அதே கடையின் தளத்தைத் திறந்தால், "உயர்தர நறுமணப் பொருட்களின் நம்பகமான விற்பனையாளர்" என்று இருக்கும். நறுமணப் பொருள் என்று கேட்டுக் கடைக்குள் வந்த ஒருவரை நான் பார்த்ததில்லை. கிலோ, விலை, எட்டு எம்எம், பச்சை, பாயசம், டீக்கடை என்று கடையில் காலையிலிருந்து இரவு வரை புழங்கும் ஒரு சொல்கூட அந்தப் பக்கத்தில் இல்லை. அப்புறம் கூகுள் எதைப் பார்த்து அந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டும்? உலாவியின் மேல் பட்டையில் பார்த்தால் 'முகப்பு' என்றோ 'வெல்கம்' என்றோ இருக்கும். யாரும் அதைத் தேடுவதில்லை.

வியாபாரத்துக்குள் புழங்கும் சொற்களும் இருக்கின்றன. போடியிலும் புற்றடியிலும் ஸ்பைசஸ் போர்டின் மின் ஏலம் நடக்கிறது. அங்கே பழகியவர்கள் ஏஜிஇபி, போல்டு, லிட்டர் எடை என்று பேசுவார்கள். மொத்த வியாபாரி தேடினால் அவர் அந்தச் சொற்களில் தேடலாம். வீட்டுக்கு நூறு கிராம் வாங்குகிறவர் தேடமாட்டார். ஆகவே பக்கம் யாருக்கு என்று முதலில் தீர்மானிக்க வேண்டும். சில்லறைப் பக்கத்தில் வீட்டுக்காரர் சொல் முன்னால், வியாபாரச் சொல் பின்னால். மொத்த விற்பனைக்குத் தனிப் பக்கம், அங்கே முறை தலைகீழ்.

ஏலக்காய் என்ற ஒற்றைச் சொல்லுக்கு முதலில் வர ஆசைப்படுகிறவர்களிடம் நான் ஒன்று சொல்வேன்: அந்தச் சொல்லை நீங்களே அடித்துப் பாருங்கள், என்ன மாதிரிப் பக்கங்கள் வருகின்றன என்று கவனியுங்கள். கலைக்களஞ்சியக் கட்டுரை, மருத்துவப் பயன்கள், சாகுபடி முறை என்று வந்தால், அந்தச் சொல்லைத் தேடுகிறவர்களில் பலர் படிக்கத்தான் வருகிறார்கள், வாங்க வரவில்லை என்று கூகுள் கணித்திருக்கிறது என்று பொருள். அங்கே போய்க் கடைப் பக்கத்தை வைத்து முட்டிக்கொள்வதில் பயன் இல்லை. "குமுளியில் ஏலக்காய் கிலோ விலை", "8 எம்எம் ஏலக்காய் 100 கிராம்", "டீக்கடைக்கு ஏலக்காய் மொத்த விலை" என்று நீளமாகத் தேடுகிறவர்கள் எண்ணிக்கையில் குறைவு. ஆனால் பணத்தை எடுத்து வைத்துக்கொண்டு தேடுகிறவர்கள் அவர்கள்தான். சிறு கடைக்கு அந்த நீளமான தேடல்களே போதும்.

சரி, கல்லாவில் கேட்ட சொற்கள் கிடைத்துவிட்டன. தேடுகிறவர்களும் அப்படியேதான் அடிக்கிறார்களா என்று சரிபார்க்க இலவச வழிகளே நிறைய உண்டு. கூகுள் பெட்டியில் "குமுளி ஏலக்காய்" என்று அடித்து நிறுத்தினால் கீழே அது முடித்துக் காட்டும் வரிகள் ஒன்று. முடிவுப் பக்கத்தின் நடுவிலும் அடியிலும் வரும் தொடர்புள்ள கேள்விகள் இன்னொன்று. எல்லாவற்றையும்விட நான் நம்புவது சர்ச் கன்சோலை. 2015 வரை வெப்மாஸ்டர் டூல்ஸ் என்ற பெயரில் அழைக்கப்பட்டு வந்த கூகுளின் சேவைதான் அது. தளம் நம்முடையதுதான் என்று நிரூபித்துவிட்டால், எந்தெந்தத் தேடலுக்கு நம் பக்கம் காட்டப்பட்டது, எத்தனை பேர் தொட்டார்கள், சராசரியாக எத்தனையாவது இடம் என்று 16 மாதத் தகவலைப் பார்க்கலாம். ஒரு பைசா கிடையாது. இவ்வளவு நல்ல கருவியைத் திறந்தே பார்க்காத கடைக்காரர்கள் இந்த வட்டாரத்தில் நிறையப் பேர். தளம் செய்து கொடுத்தவரே அதை இணைத்துக் கொடுப்பதில்லை. எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம் இது.

எல்லைப் பக்கத்தில் இந்த வேலைக்கு ஒரு கூடுதல் சிக்கல் இருக்கிறது. ஒரே பொருளை மூன்று மொழியிலும் தேடுகிறார்கள். தமிழை ஆங்கில எழுத்திலும் அடிக்கிறார்கள். அப்படி அடிக்கும்போது ஏலக்காய் என்ற சொல்லுக்கே நாலைந்து விதமான எழுத்துக்கூட்டல் வரும். இதைப் பார்த்துவிட்டு எல்லா எழுத்துக்கூட்டலையும் பக்கத்தின் அடியில் வரிசையாகக் கொட்டி வைக்கிறவர்கள் உண்டு. அது தேவையில்லை. ஒவ்வொரு நாளும் கூகுளுக்கு வரும் தேடல்களில் சுமார் 15 சதவீதம் அதற்கு முன் வந்தே இராதவை என்று அந்த நிறுவனமே பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது. எல்லா விதங்களையும் எழுதி வைத்துவிட எவராலும் முடியாது. நெருங்கிய எழுத்துக்கூட்டல்களை அது தானாகவே இணைத்துப் பார்க்கிறது. நான் செய்வது இவ்வளவுதான்: பக்கம் முழுக்கத் தமிழ், முகவரியில் மட்டும் ஆங்கில எழுத்தில் பரவலான எழுத்துக்கூட்டல் ஒன்று.

முகவரியைத் தமிழிலேயே வைக்கலாமே என்று கேட்கலாம். வைக்கலாம், கூகுள் அதைப் படிக்கும். ஆனால் அதை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது பல இடங்களில் அது உடைந்துவிடுகிறது. யூனிகோடில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். ஒவ்வொரு பைட்டும் முகவரியில் ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்தெண்களுமாக மாறும். ஏலக்காய் என்பது புள்ளிகளையும் துணைக்காலையும் சேர்த்து எட்டுக் குறிகள். அந்த ஒரு சொல்லே 72 எழுத்து நீளத்துக்குப் புரியாத கோவையாகிவிடும். அதைப் பார்க்கிறவர் ஏதோ ஏமாற்று இணைப்பு என்று பயந்து தொடாமல் போகிறார். எங்கள் பக்கத்து வியாபாரத்தில் பாதி வாட்ஸ்அப்பில் பகிர்வதால்தான் நடக்கிறது. அதனால் முகவரி சிறிதாக, ஆங்கில எழுத்தில், சொற்களுக்கு நடுவே சிறு கோடு போட்டு இருப்பதே நல்லது.

மலையாளத்தில் தேடுகிறவர்களுக்கு மலையாளத்தில் தனிப் பக்கம், ஆங்கிலத்துக்குத் தனிப் பக்கம். ஒரே பக்கத்தில் மூன்று மொழியையும் கலந்து வைத்தால் அது எந்த மொழிப் பக்கம் என்று கூகுளுக்கும் குழப்பம், படிக்கிறவருக்கும் எரிச்சல். ஒரு பக்கத்தில் ஒரு மொழியையே வையுங்கள் என்றுதான் கூகுளும் சொல்கிறது. இந்தப் பக்கத்தின் மலையாள வடிவம் இது என்று சொல்லும் எச்ரெஃப்லாங் குறியை மட்டும் மறக்காமல் இணைத்துவிட வேண்டும். மலையாளப் பக்கத்தை நம் தமிழ்ப் பக்கத்தின் வரிக்கு வரி மாற்றமாகச் செய்யாமல், அந்தப் பக்கத்துக்காரர் ஒருவரிடம் கொடுத்து எழுதச் சொல்வது என் வழக்கம். அவர்களிடம் விற்பதும் வேறு, அவர்கள் கேட்பதும் வேறு. கம்பத்திலிருந்து மேலே போகிற திராட்சையையும் காய்கறியையும் தேடுகிறவர்கள் அவர்கள்.

தமிழ் எழுத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வட்டாரத்தின் முக்கியமான தேடல் ஒன்று அதில் மாட்டிக்கொள்கிறது.

குமுளிக்கு மேலே, பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள், இரு மாநில எல்லையில் மங்கலதேவி கண்ணகி கோயில் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரே நாள், சித்ரா பௌர்ணமி அன்று மட்டும்தான் பக்தர்களை விடுவார்கள். தேனி, இடுக்கி இரண்டு மாவட்ட நிர்வாகமும் கூடிப் பேசி ஏற்பாடு செய்யும். குமுளியிலிருந்து ஜீப்பில் போகலாம், கூடலூர்ப் பக்கம் பளியன்குடியிலிருந்து நடந்தும் ஏறலாம். சித்திரை பிறந்ததும் இதைப் பற்றிய தேடல் கிளம்பிவிடும். விடுதிக்காரர், ஜீப்காரர், சாப்பாட்டுக் கடைக்காரர் எல்லாருக்கும் அது முக்கியமான நாள்.

இப்போது பௌர்ணமி என்ற சொல்லைப் பாருங்கள். 'பௌ' என்பதைச் சரியாக அடித்தால் பகர மெய்யின் மேல் ஔகாரக் குறி ஒன்று. கணினிக்கு அது ஒரே குறி. பலர் என்ன செய்கிறார்கள் என்றால், 'பெ' அடித்துப் பக்கத்தில் ளகரத்தை வைத்துவிடுகிறார்கள்: பெளர்ணமி. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கணினிக்கு அது 'பெ', 'ள' என்ற இரண்டு எழுத்து. நாளிதழ்கள் பலவும் பவுர்ணமி என்றே அச்சிடுவதால் அப்படித் தேடுகிறவர்களும் ஏராளம். நம் பக்கத்தில் இருப்பது சரியான வடிவமா என்று பார்க்க எளிய வழி உண்டு. 'பௌ' அடித்த இடத்துக்குப் பின்னால் குறியை வைத்து ஒருமுறை அழியுங்கள். 'ப' மட்டும் மிஞ்சினால் சரி. 'பெ' மிஞ்சினால் அங்கே உட்கார்ந்திருப்பது ளகரம்.

இரண்டையும் ஒன்றாகப் பார்க்கும் அறிவு கூகுளுக்குப் பெருமளவு வந்திருக்கிறது என்றாலும், அதன் தயவை நம்பித் தலைப்பைத் தவறாக வைக்க வேண்டியதில்லை. தலைப்பில் பௌர்ணமி என்று சரியாக எழுதுங்கள். உள்ளே ஏதாவது ஓர் இடத்தில், இயல்பாக வரும் வாக்கியத்தில், பவுர்ணமி என்பதும் வரட்டும். அது போதும்.

அந்தப் பக்கத்துக்கு இன்னொரு விதியும் வைத்திருக்கிறேன். ஆண்டுதோறும் புதுப் பக்கம் தொடங்கக் கூடாது. பலர் முகவரியிலேயே ஆண்டைப் போட்டு ஒவ்வொரு வருடமும் ஒரு பக்கம் ஏற்றுகிறார்கள். போன வருடப் பக்கத்துக்கு யாரோ கொடுத்த இணைப்பு, சேர்ந்த நற்பெயர் எல்லாம் அதோடு முடங்கிவிடும். புதுப் பக்கத்தைக் கூகுள் கண்டெடுத்து மதிப்பிட்டு மேலே கொண்டுவருவதற்குள் திருவிழாவே முடிந்துவிடும். ஒரே முகவரி, ஆண்டு எண் இல்லாமல். அந்த ஆண்டு அறிவிப்பு வந்ததும் தேதி, நேரம், ஜீப் கட்டணம் ஆகியவற்றை அதே பக்கத்தில் மாற்றி, மேலே எந்தத் தேதியில் மாற்றினோம் என்று எழுதிவிட வேண்டும். பிளாஸ்டிக் பாட்டில் கொண்டு போகலாமா, குழந்தைகளை அழைத்துப் போகலாமா, எத்தனை மணிக்குள் இறங்கிவிட வேண்டும் என்று மக்கள் கேட்பதற்கெல்லாம் அங்கேயே பதில் இருக்க வேண்டும். வருடம் முழுக்கத் தூங்குகிற பக்கம் போலத் தெரியும். சித்திரையில் அது ஒன்றே தளத்தின் மற்ற பக்கங்கள் எல்லாவற்றையும் தூக்கி நிறுத்தும்.

ஊர்ப் பெயரிலும் கவனம் வேண்டும். கூடலூர் என்றால் நமக்குத் தேனி மாவட்டக் கூடலூர். நீலகிரியிலும் ஒரு கூடலூர் இருக்கிறது. அதுவும் கேரள எல்லையில்தான், அங்கும் மலைப்பயிர்தான். "கூடலூரில் தங்கும் விடுதி" என்று மட்டும் எழுதிய பக்கத்துக்கு ஊட்டிக்குப் போகிறவர்கள் வந்து இறங்கி, உடனே திரும்பிவிடுவார்கள். கம்பம் என்பதை ஆங்கிலத்தில் பழைய முறைப்படி எழுதினால் ஆந்திராவில் இருக்கிற கம்பமும் சேர்ந்து வருகிறது. தலைப்பிலோ முதல் வரியிலோ "தேனி மாவட்டம்", "லோயர் கேம்ப் அருகில்", "குமுளி போகும் வழியில்" என்று ஒரு வார்த்தை சேர்த்தால் தீர்ந்தது. இப்படிச் சேர்ப்பதைத்தான் நான் நல்ல சொல் வேலை என்பேன். வருகிறவருக்கும் வழி சொல்கிறது, கூகுளுக்கும் வழி சொல்கிறது.

சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதினால் மேலே வரலாம் என்ற நம்பிக்கை இன்னும் போகவில்லை. ஒரு ஜீப்காரரின் தளத்தை எடுத்துப் பார்த்தபோது, பக்கத்தின் அடியில் வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் "தேக்கடி ஜீப் குமுளி ஜீப் கவி ஜீப்" என்று திரை திரையாக ஓடிக்கொண்டிருந்தது. செய்து கொடுத்தவர் அதற்கும் தனியாகப் பணம் வாங்கியிருந்தார். தேடுபொறிகள் சொற்களை எண்ணி மதிப்பிட்ட காலம் ஒன்று இருந்தது, அன்றைக்கு அது பலித்திருக்கலாம். பக்கத்தின் நிரலுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் சொற்களை அடுக்கும் கீவேர்ட்ஸ் என்ற மெட்டா குறியைத் தரவரிசைக்குப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009 செப்டம்பரிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. 2011இல் பாண்டா என்ற மாற்றம் வந்து, வெறும் சொற்களை அடைத்த சத்தில்லாத பக்கங்களைக் கீழே தள்ளியது. மறைத்து எழுதுவதும் சொல்லைத் திணிப்பதும் இன்று கூகுளின் விதிப்படி ஸ்பேம். பக்கமே தேடலிலிருந்து காணாமல் போகலாம். அந்த ஜீப்காரரிடம் அந்தப் பகுதி முழுவதையும் அழிக்கச் சொன்னேன். "காசு கொடுத்து எழுதினது தம்பி" என்று தயங்கினார். அழித்த இடத்தில் எந்த வண்டியில் எத்தனை பேர் உட்காரலாம், காலையில் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எங்கே வந்து ஏற்றிக்கொள்வார் என்று அவர் வாயால் சொன்னதை அப்படியே எழுதினோம்.

2019இல் வந்த பெர்ட் என்ற மாற்றத்தைத் தமிழில் எழுதுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த ஆண்டு டிசம்பரில் அது தமிழ் உட்பட 70க்கு மேற்பட்ட மொழிகளுக்கு விரிந்தது. அதற்குப் பிறகு கூகுள் சொற்களைத் தனித்தனியாகப் பார்க்காமல் அவை வாக்கியத்தில் எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்று பார்க்கிறது. "கம்பத்திலிருந்து குமுளிக்குக் கடைசி பஸ்" என்பதும் "குமுளியிலிருந்து கம்பத்துக்குக் கடைசி பஸ்" என்பதும் ஒரே நான்கு சொற்கள்தான், வேற்றுமை உருபு மட்டும் இடம் மாறியிருக்கிறது. மலைக்கு மேலே மாட்டிக்கொண்டவருக்கு அந்த உருபுதான் எல்லாம். ஆகவே இரண்டுக்கும் தனித்தனி உபதலைப்பு கொடுத்து, முழு வாக்கியமாக எழுதுங்கள். உருபை வெட்டிவிட்டு "கம்பம் குமுளி பஸ்" என்று தந்தி நடையில் எழுதினால்தான் கூகுளுக்குப் புரியும் என்று நினைத்த காலம் போய்விட்டது. நல்ல தமிழில், இயல்பாக, ஏலக்காயை, ஏலக்காயின், ஏலக்காய்க்கு என்று எழுதுகிறவருக்கு இது நல்ல காலம்.

இனி ஒரு பக்கத்தை எடுத்து மாற்றிக் காட்டுகிறேன். ஏலக்காய்ப் பக்கம். டைட்டில் குறியில், அதாவது தேடல் முடிவில் தெரியும் தலைப்பில், இருந்தது: "தயாரிப்புகள்". மாற்றியது: "குமுளி ஏலக்காய் விலை: 8 எம்எம், 7 எம்எம், டீக்கடைக் காய்". ஆங்கிலத்தில் சுமார் 60 எழுத்து வரை தெரியும் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். கூகுள் எழுத்தை எண்ணுவதில்லை, அகலத்தைப் பார்த்து வெட்டுகிறது. தமிழ் எழுத்துகள் அகலமானவை என்பதால் நமக்கு இன்னும் குறைவாகவே இடம் கிடைக்கும். அதனால் முக்கியமான சொல் முன்னால், கடைப் பெயர் கடைசியில். நாம் கொடுத்த தலைப்பு பக்கத்துக்குப் பொருந்தவில்லை என்று கூகுளுக்குத் தோன்றினால் அதுவே வேறொன்றை எடுத்துப் போட்டுவிடும். ஆகவே பக்கத்துக்குள் பெரிய எழுத்தில் வரும் எச்1 தலைப்பும் டைட்டிலோடு ஒத்துப் போக வேண்டும்.

'இன்றைய விலை' என்று போடலாமா என்று கடைக்காரர் கேட்டார். ஏலத்தில் விலை நாளுக்கு நாள் ஏறி இறங்கும். தினமும் காலையில் மாற்றத் தயார் என்றால் போடுங்கள், இல்லாவிட்டால் போடாதீர்கள் என்றேன். இன்றைய என்று தேடி வந்தவர் மூன்று மாதத்துக்கு முந்தைய விலையைப் பார்த்தால் அந்தக் கடையை அப்புறம் நம்பமாட்டார். கடைசியில் வாரம் ஒருமுறை மாற்றுவதாக ஒப்புக்கொண்டு, விலைக்குப் பக்கத்திலேயே தேதியும் போடுவதாக முடிவு செய்தோம்.

அவர் விலைப் பட்டியலைப் படமாக ஏற்றி வைத்திருந்தார். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்குச் செய்த வண்ணப் படம், பார்க்க அழகாகவே இருந்தது. ஆனால் படத்துக்குள் இருக்கும் எழுத்தைப் பக்கத்தின் எழுத்தாகக் கூகுள் எடுத்துக்கொள்ளும் என்று நம்பி இருக்க முடியாது. கண் தெரியாதவருக்குப் படித்துக் காட்டும் செயலிக்கும் அது ஒன்றும் சொல்லாது. பட்டியலை எழுத்தாக அடித்தோம். அச்சகத்தில் வாங்கிய பழைய துண்டறிக்கை வாசகத்தை ஒட்டலாம் என்று பார்த்தால் அது பாமினி எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் அது வெறும் ஆங்கிலக் கிறுக்கல், கூகுள் படிப்பதும் அந்தக் கிறுக்கலைத்தான். யூனிகோடுக்கு மாற்றித்தான் ஒட்ட வேண்டும்.

முதல் பத்தியில் கடை எங்கே இருக்கிறது, என்ன அளவில் என்ன காய் கிடைக்கும், நூறு கிராமிலிருந்து கிடைக்குமா, பார்சல் அனுப்புவார்களா என்று நேராகச் சொன்னோம். உபதலைப்புகளாகக் கல்லாக் கேள்விகளையே வைத்தோம்: சாயம் போட்ட ஏலக்காயை எப்படிக் கண்டுபிடிப்பது, பாயசத்துக்கு எந்தக் காய், டீக்கடைக்கு எந்தக் காய். சாயக் கேள்விக்கு அவர் எழுதிய பதில் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஈரத் துணியில் வைத்துத் தேய்த்துப் பார்க்கச் சொன்னார். எல்லாக் காயும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி அடர் பச்சையாக இருந்தால் சந்தேகப்படுங்கள் என்றார். நல்ல காயிலும் பச்சை கொஞ்சம் கூடக் குறைய இருக்கும் என்று எழுதினார். வேறு எங்கிருந்தும் எடுத்து ஒட்டாத, கை பழகிய அறிவு. 2022இலிருந்து கூகுள் தேடிக்கொண்டிருப்பதாகச் சொல்வது இந்த மாதிரி எழுத்தைத்தான்: ஆளுக்காக எழுதியதா, தேடுபொறிக்காக எழுதியதா என்று பார்ப்பது.

புகைப்படங்களுக்குக் கேமரா வைத்த எண் பெயரே இருந்தது. அதை மாற்றி, ஒவ்வொரு படத்துக்கும் ஆல்ட் வாசகம், அதாவது படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லும் வரி, எழுதினோம்: "8 எம்எம் ஏலக்காய், உள்ளங்கையில்". அவ்வளவு போதும், அதிலும் சொல்லைத் திணிக்க வேண்டாம். "இங்கே கிளிக் செய்யவும்" என்று இருந்த இணைப்புகளை "மிளகு விலை", "பார்சல் கட்டணம்" என்று மாற்றினோம். எதைத் தொட்டால் எங்கே போகும் என்று வருகிறவருக்கும் தெரியும், அந்தப் பக்கம் எதைப் பற்றியது என்று கூகுளுக்கும் தெரியும். மெட்டா விளக்கம் தரவரிசையைக் கூட்டாது; ஆனால் முடிவுப் பக்கத்தில் தலைப்புக்குக் கீழே அதைக் காட்டும்போது தொடலாமா வேண்டாமா என்று ஒருவர் முடிவு செய்வது அதைப் படித்துத்தான். இரண்டு வரி, உண்மையான தகவல்.

அதே தளத்தில் ஏலக்காயைப் பற்றியே மேலும் மூன்று பக்கங்கள் இருந்தன, ஏறக்குறைய ஒரே வாசகம். ஒரே கேள்விக்கு நான்கு பக்கம் போட்டி போட்டால் எதை மேலே வைப்பது என்று கூகுள் மாற்றி மாற்றிப் பார்க்கும், எதுவும் ஊன்றி நிற்காது. நல்லதை வைத்துக்கொண்டு மற்றவற்றை அதற்குத் திருப்பிவிட்டோம். கேள்விக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு ஒரு கேள்வி.

பக்கத்துக்குள் செய்யும் வேலையால் எல்லாம் ஆகிவிடாது. வரைபடத்தில் கடை தெரிய பிசினஸ் புரொஃபைல் வேண்டும், பிற தளங்களிலிருந்து இணைப்பு வேண்டும். மலைப்பாதையில் சிக்னல் விட்டு விட்டு வரும். அங்கே திறக்கிற அளவுக்குப் படங்கள் சிறிதாக இருக்க வேண்டும். கூகுளே இப்போது தளத்தின் கைபேசி வடிவத்தைத்தான் எடுத்து மதிப்பிடுகிறது. அவற்றைத் தனியே எழுத வேண்டும்.

மாற்றி முடித்த பிறகு சில வாரம் பொறுக்க வேண்டும். அப்புறம் சர்ச் கன்சோலில் இரண்டு விதமான வரிகளைத் தேடுவேன். பலமுறை காட்டப்பட்டும் யாரும் தொடாதவை ஒரு விதம்; அங்கே தலைப்பை மாற்றிப் பார்க்க வேண்டும். நாம் எழுதவே இல்லாத கேள்விக்கு எங்கோ பின்னால் நம் பக்கம் காட்டப்பட்டிருப்பது இன்னொரு விதம். அது புதுப் பதில் எழுதச் சொல்லும் அழைப்பு. ஏலக்காய்ப் பக்கத்தில் அப்படி வந்தது, "ஏலக்காய் எத்தனை மாதம் கெடாமல் இருக்கும்" என்பது. கடைக்காரரைக் கேட்டேன். "தோலோட, காத்துப் போகாம, வெளிச்சம் படாம வச்சா ஒரு வருசம் தாராளமா தாங்கும் தம்பி. பொடிச்சு வச்சா சீக்கிரம் வாசம் போயிரும். இதை எதுக்குக் கேக்குற?" என்றார். அதையே நல்ல வாக்கியமாக்கிப் பக்கத்தில் சேர்த்தோம்.

இப்போது அவரோடு உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பது சபரிமலைப் பக்கம். கார்த்திகை முதல் தேதி நவம்பர் நடுவில் வரும். மாலை போடுவதற்கு முன்பே பஸ் பேசுகிறவர்கள் தேடத் தொடங்கிவிடுவார்கள், அதனால் பக்கம் ஆகஸ்டிலேயே ஏறியாக வேண்டும். நேந்திரம் சிப்ஸ் எத்தனை நாள் தாங்கும், தேங்காய் எண்ணெயில் பொரித்ததா, பெரிய பஸ் நிறுத்த இடம் உண்டா, குளிக்க வசதி உண்டா, இரவு எத்தனை மணி வரை கடை திறந்திருக்கும் என்று போன சீசனில் கல்லாவில் கேட்ட கேள்விகளை அவர் ஒரு பழைய கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார். முதல் மூன்றுக்கும் பதில் தயார். குளிக்கிற வசதிக்குப் பக்கத்து விடுதிக்காரரிடம் பேசிவிட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.